வயலுக்கு வைத்த பெயர்

கிழக்குக் கரையின் பெரியவர்கள் – 9

1942ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசியை நம்பி உலை வைத்துக்கொண்டிருந்த இலங்கையில் சோற்றுக்கே திண்டாட்டம். உள்ளூரில் நெல் விளைவித்தால்தான் நாடு பிழைக்கும் என்ற நிலையில், அரசாங்கம் கல்முனையில் ஓர் அவசரகாலக் கச்சேரியைத் திறந்தது. அங்கே உதவி அரசாங்க அதிபராக வந்து இறங்கியவருக்கு முப்பது வயதுதான். பெயர் ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம்.

அன்றைய கல்முனைப் பகுதியில் நெற்காணி என்றால் அது நிலவுடைமையாளரான போடிமாரின் சொத்து. அவர்களின் வயலைப் பார்க்கும் முல்லைக்காரன் விதைப்பான், காவல் இருப்பான், சூடடிப்பான். களத்து மேட்டில் நெல் குவிந்த பிறகு தனக்குரிய கூலிப் பங்கை வாங்கிக்கொண்டு போவான். மண்ணில் அவனுக்கு ஒரு சாண் உரிமை கிடையாது. போர்க்கால உணவு உற்பத்தி என்ற ஆணையை அஸீஸ் கையில் எடுத்தபோது, காட்டையும் தரிசையும் திருத்திக் காணியில்லாத ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்க அது வழி திறந்தது. நெல் மூட்டைக் கணக்கை மேலிடத்துக்கு எழுதி அனுப்பிவிட்டு இருந்திருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அதோடு நிற்காமல் காணியையும் பிரித்துக் கொடுத்தார். காணி பெற்ற விவசாயிகள் தாங்கள் திருத்திய வயலுக்கு ‘அஸீஸ் துரைக் கண்டம்’ என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு தலைவருக்குக் கிடைக்கக்கூடிய பட்டங்களில் இதைவிடப் பெரிது இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பட்டமும் பொன்னாடையும் மேலேயிருந்து வருபவை. வயலின் பெயரை வைப்பவன் அதில் இறங்கி உழுபவன். கண்டத்தின் பெயர் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையின் வாயில் வரும், தண்ணீர் முறை பேசும்போது வரும், பெரும்போகத்துக்குப் பெரும்போகம் திரும்பத் திரும்ப வரும்.

கல்முனையில் இருந்த காலத்தில் அஸீஸுக்கு இரண்டு பேரின் நட்பு வாய்த்தது. ஒருவர் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பை. இக்பாலின் கவிதைகளில் ஊறியவர். மற்றவர் காரைதீவின் மைந்தர் சுவாமி விபுலானந்தர். இமயமலையிலுள்ள மாயாவதியில் ‘பிரபுத்த பாரத’ இதழின் ஆசிரியப் பொறுப்பை முடித்துக்கொண்டு அடிகளார் ஊர் திரும்பியிருந்த நேரம் அது. அவருக்கு அப்போது ஐம்பது வயது.

அடிகளார், அஸீஸ் இருவரின் பள்ளிக்கூடக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காரைதீவுச் சைவக் குடும்பத்தில் மயில்வாகனன் என்ற பெயரோடு வளர்ந்த அடிகளார் கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையிலும், பிறகு மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார். வண்ணார்பண்ணை முஸ்லிம் சிறுவன் அஸீஸ், குர்ஆன் பள்ளியில் ஓதியபின் இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். இரண்டு பேருமே மாற்றுச் சமயத்தவர் கட்டிய கூரையின் கீழ் எழுத்துக் கற்றவர்கள். பிள்ளையின் சமயத்தைக் கேட்டுக் கதவைச் சாத்தக் கூடாது என்பது அவர்களுக்கு மேடையில் சொல்லும் கொள்கையாக வந்ததில்லை. தாங்கள் வளர்ந்த விதமே அதுதான்.

அடிகளாரை ‘யாழ் நூல்’ ஆசிரியராகவும் பேராசிரியராகவுமே நாம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அது உண்மை, ஆனால் பாதி. 1929இல் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கியவர் அவர். இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளுக்கு முகாமையாளராக இருந்து ஆசிரியர் சம்பளம், கட்டடம், விடுதிச் சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்தவர். சொந்த ஊரில் பெண் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் அமைத்தவர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் போனபோதும், வகுப்பு முடிந்ததும் பக்கத்துத் திருவேட்களத்துச் சேரிக்கு நடந்து போய் அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். இந்த அலைச்சலையெல்லாம் விட்டுவிட்டு வெறும் ஆய்வாளராக அவரைச் சுருக்குவது அவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

அதே 1942இல் அஸீஸ் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை ஏற்படுத்தினார். கெட்டிக்காரப் பிள்ளை காசில்லாமல் படிப்பை நிறுத்துவதைக் கண்ணெதிரே பார்த்தவர் செய்த வேலை அது. கல்முனையில் முளைத்த அந்த எண்ணம்தான் 1945இல் நாடு முழுவதற்குமான இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக வளர்ந்தது. 1948இல், ஊரே பொறாமைப்படும் சிவில் சேவை உத்தியோகத்தை உதறிவிட்டு, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர் நாற்காலியில் போய் அமர்ந்தார். 1961 வரை அங்கே இருந்தார். இந்த முடிவைப் பார்க்க அடிகளார் உயிரோடு இல்லை. திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூல் அரங்கேறிய சில வாரங்களில், 1947 ஜூலை 19ஆம் திகதி அவர் காலமாகிவிட்டார்.

இன்று காரைதீவுச் சந்தியில் அடிகளாரின் சிலைக்கு மாலை விழுகிறது. விழ வேண்டியதுதான். ஆனால் அந்த மேடையில் அஸீஸின் பெயர் வருவது அரிது. அடுத்துள்ள முஸ்லிம் ஊர்களின் மேடைகளில் அடிகளாரின் பெயர் வருவதும் அரிது. மாளிகைக்காடும் மாவடிப்பள்ளியும் காரைதீவுப் பிரதேச சபைக்குள்ளேயே இருக்கும் ஊர்கள். குப்பை அள்ளும் வண்டி ஒன்று, பெரியவர்கள் மட்டும் வேறு வேறு. 1985இலும் 1990இலும் தமிழ்–முஸ்லிம் வன்முறையில் இந்தக் கரை பட்ட காயங்களுக்குப் பிறகு ஒவ்வோர் ஊரும் தன் ஆளைத் தன் எல்லைக்குள் பூட்டிக்கொண்டது. அந்தப் பயத்தை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் இவர்கள் இருவரையும் தனித்தனியே பிரித்துக் கொண்டாடினால், இருவரின் வேலையும் விளங்காமல் போகும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அஸீஸ் துரைக் கண்டத்தில் முதன்முதல் காணி பெற்றவர்களின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ உங்கள் வீட்டில் இருந்தால், அந்தக் காட்டை எப்படி வெட்டினார்கள், முதல் விளைச்சலில் எத்தனை அவணம் கண்டது, பெயரை வைக்கலாம் என்று முதலில் சொன்னவர் யார் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். பழைய பெர்மிட் பத்திரம் அலமாரியில் கிடந்தால் அதன் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். சிவானந்தா விடுதியில் தங்கிப் படித்த முஸ்லிம் வாப்பாமார், மூத்தப்பாமாரின் நினைவுகளுக்கும் இந்தப் பக்கத்தில் இடமுண்டு.

அடுத்த வாரம்: ஸாஹிராவில் அஸீஸ்.