வேர் தெரியும் பல்லைக் காப்போம்

குளக்கட்டில் நிற்கும் மருதமரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாரி வெள்ளம் ஆண்டுதோறும் மண்ணை அரிக்க, வேர் வெளியே தெரியும். மண்ணுக்குள் பத்திரமாக இருந்த வேர் வெயிலுக்கும் மிதிக்கும் ஆளாகிவிடும். எமது வாயிலும் இதுவே நடக்கிறது. வயது போகப் போக முரசு கீழிறங்கி, பல்லின் வேர் வெளியே தெரிகிறது. அந்த வேரில் சூத்தை பிடிக்கிறது.

இடம்பெயர்ந்து வந்து தற்காலிகக் கொட்டிலில் வாழும் ஆச்சி ஒருவரை நாம் சந்தித்தோம். முன்வாயில் மூன்று பற்களின் அடியில் மஞ்சளும் கபிலமுமாய் நிறம் மாறியிருந்தது. “நோகேல்லை, கூச்சம் மட்டும்தான். நொந்தால் பிடுங்கிப் போடலாம்” என்றார். பலரும் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் நோவு வரும்போது காலம் பிந்திவிடுகிறது. பல் போனால் கீரையும் பயறும் மீனும் சப்பிச் சாப்பிட முடியாது. கஞ்சியும் பாணும் தேநீருமே உணவாகும். உடலும் தளர்ந்துவிடும்.

வேர் ஏன் விரைவில் பழுதாகிறது?

பல்லின் மேற்பகுதியை மிளிரி என்னும் கடினமான படை மூடியிருக்கிறது. அதன் நிறையில் ஏறத்தாழ 96 வீதம் கனியுப்பு. வேருக்கு அந்தக் கவசம் இல்லை. வேரின் உட்பகுதியில் கனியுப்பு ஏறத்தாழ 70 வீதமே. சீனியைத் தின்னும் கிருமிகள் அமிலத்தைச் சுரக்கின்றன. மிளிரியைக் கரைக்க முடியாத மெல்லிய அமிலமே வேரைக் கரைத்துவிடும். புகையிலையைக் கன்னத்தில் அடக்குவதும், செங்கல் தூளாலும் கரியாலும் தேய்ப்பதும் முரசையும் வேரையும் தேய்க்கும். சலரோகமும் சில பிரஷர் குளிசைகளும் வாயை உலர்த்தும். உமிழ்நீர் குறைந்தால் சூத்தை விரைவாகப் பரவும்.

புளோரைட்டு வார்னிஷ்

பள்ளம் விழுமுன்னர் கண்டால் இச்சூத்தையை நிறுத்தலாம். அதற்கு உதவும் மருந்துகளில் ஒன்று புளோரைட்டு வார்னிஷ். 1964 ஆம் ஆண்டு ஜேர்மனியில் அறிமுகமானது. இதில் 5 வீதம் சோடியம் புளோரைட்டு உண்டு. அதாவது பத்து இலட்சம் பங்கில் 22,600 பங்கு புளோரைட்டு. சாதாரண பற்பசையில் 1,000 முதல் 1,500 பங்கே இருக்கும்.

பல் வைத்தியர் பல்லைத் துடைத்து உலர்த்தி, சிறு தூரிகையால் மெல்லியதாகப் பூசுவார். ஊசி இல்லை, துளைப்பதும் இல்லை. உமிழ்நீர் பட்டதும் அது பல்லில் ஒட்டிக்கொள்ளும். புளோரைட்டு மெல்ல மெல்ல வேரினுள் சேர்ந்து, கரைந்த கனியுப்பு மீண்டும் படிய உதவும். மெதுமையான இடம் காலப்போக்கில் இறுகும். நிறம் கருத்திருந்தாலும் இறுகி வழுவழுப்பாக இருந்தால் சூத்தை நின்றுவிட்டது என்பதே பொருள். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். விதைத்துவிட்டுத் தண்ணீர் கட்டாத வயல் விளையாது அல்லவா?

பூசிய பின் நான்கு மணித்தியாலம் கடினமான உணவும் சூடான பானமும் வேண்டாம். அன்று பல் துலக்காமல் மறுநாள் துலக்குங்கள். வார்னிஷில் பெரும்பாலும் மரப்பிசின் சேர்ந்திருக்கும். ஆஸ்துமா, ஒவ்வாமை, வாய்ப்புண் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கிணற்று நீரும் புளோரைட்டும்

“புளோரைட்டால்தானே பிள்ளைகளின் பல்லில் காவி படிகிறது?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அநுராதபுரம், பொலன்னறுவை, வவுனியாப் பகுதிகளில் சில கிணறுகளில் புளோரைட்டு அதிகம். ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பல் உருவாகும் சிறுவயதில் அந்நீரை நாள்தோறும் குடித்தால் காவி படியும். முளைத்து முற்றிய பல்லில் சில துளி வார்னிஷ் பூசுவதால் அது வராது. அதற்காகக் கெட்ட கிணற்று நீரைக் குடிப்பது மருந்தாகாது. கொதிக்கவைத்தாலும் புளோரைட்டு போகாது என்பதையும் மறக்கவேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை

ஆழமான பள்ளம் விழுந்த பல்லுக்கு வார்னிஷ் மட்டும் போதாது, அடைக்க வேண்டும். ஆகவே முந்திக்கொள்வோம். வீட்டிலுள்ள முதியவரின் உதட்டை உயர்த்தி, வெளிச்சத்தில் முரசின் ஓரத்தைப் பாருங்கள். மஞ்சள் அல்லது கபில நிறம் தெரிந்தால் ஊசியாலோ ஈர்க்காலோ கிண்டாதீர்கள். அரசாங்க வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். அங்கே சிகிச்சை இலவசம். வார்னிஷ் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு என்ன வழி என்றும் கேளுங்கள்.

வீட்டில் நாளுக்கு இருமுறை, மென்மையான தூரிகையும் புளோரைட்டுப் பற்பசையும் கொண்டு துலக்குவோம். சீனி போட்ட தேநீரை அடிக்கடி குடிக்காமல் சாப்பாட்டு வேளையோடு நிறுத்துவோம். புகையிலையைக் கைவிடுவோம்.

வயலையும் வீட்டையும் விட்டு வந்தவர்கள் நாம். எம்மோடு கூட வந்த பல்லையாவது காத்துக்கொள்வோம்.