உங்களுக்குத் தெரியுமா? ஆறு தாவல்களில் ஒரு சரித்திரம்

மும்முறை தாண்டுதலில் அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர் பிரேசிலின் அதெமார் ஃபெரேய்ரா ட சில்வா. சாவோ பாலோவில் 1927-இல் பிறந்தவர்.

1952, ஹெல்சின்கி ஒலிம்பிக். போட்டிக்கு முன் 16.01 மீட்டர் என்ற உலக சாதனை அவர் பெயரிலேயே இருந்தது. அன்றைய ஆறு தாவல்களில் நான்கு அந்தத் தூரத்தைக் கடந்தன! அதிகபட்சம் 16.22 மீட்டர். ஒரு சாதனையை ஒரு முறை முறியடிப்பதே பெரும்பாடு. ஒரே போட்டியில் நான்கு முறை அதைத் தாண்டியதைத் தடகளத்தின் மகத்தான நிகழ்வுகளில் ஒன்றாகவே சொல்ல வேண்டும். ஃபின்லாந்து ரசிகர்கள் ஆர்ப்பரிக்க, மைதானத்தைச் சுற்றி ஓடி நன்றி சொன்னார்.

1955-இல் மெக்சிகோ நகரில் 16.56 மீட்டர் தாண்டிப் புதிய உலக சாதனை. மறு ஆண்டு மெல்போர்னில் இரண்டாவது தங்கம்.

திரையிலும் அவரைக் காணலாம். கான் விழாவின் உயரிய விருதையும் ஆஸ்கரையும் வென்ற ‘பிளாக் ஆர்ஃபியஸ்’ (1959) படத்தில் மரணத்தின் வேடத்தில் வந்தவர் இவரே.

அவர் சார்ந்திருந்த சாவோ பாலோ கால்பந்துக் கழகத்தின் சின்னத்தைப் பாருங்கள். அதிலுள்ள இரண்டு தங்க நட்சத்திரங்கள் கால்பந்துக்காக அல்ல. அதெமாரின் 1952, 1955 உலக சாதனைகளுக்காக.