நான்கு முறை பார்க்க வேண்டிய நகரம்



"சென்னையைப் பார்த்திருக்கிறாயா?" என்று யாரேனும் கேட்டால் உங்களில் பலர் "ஓ, பார்த்திருக்கிறேனே!" என்று விடை சொல்வீர்கள். கோடை விடுமுறையில் உறவினர் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். கடற்கரை, உயிரியல் பூங்கா, கடைவீதி எல்லாம் பார்த்திருப்பீர்கள். ஆனால் நீங்கள் பார்த்தது மே மாதத்துச் சென்னையைத்தான். ஜனவரிச் சென்னை வேறு. ஆகஸ்டுச் சென்னை வேறு. நவம்பர்ச் சென்னை முற்றிலும் வேறு. கட்டடங்கள் மாறுவதில்லை, காற்றும் கடலும் மணலும் நிழலும் மாறுகின்றன. இவற்றின் காரணம் தெரிந்தவனுக்கு ஒரே நகரம் நான்கு நகரங்களாகக் காட்சி தரும்.

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை ஆலையும் கரும்பு வண்டிகளும் உள்ள ஊர். அங்கிருந்து சென்னை ஏறக்குறைய 250 கிலோமீட்டர். எறையூர் மாணவனுக்குச் சென்னை மாணவனிடம் இல்லாத ஒரு வசதி உண்டு. கடலோரம் பிறந்தவன் கடற்காற்றை இயல்பாக எடுத்துக்கொள்வான். உள்நாட்டிலிருந்து வருபவனோ இரண்டு இடங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அறிவியல் ஒப்பீட்டில்தானே தொடங்குகிறது!

தை, மாசி: பீரங்கி சொன்ன கணக்கு

குளிர்காலத்தில் சென்னை இதமாக இருக்கும். இந்தப் பருவத்தில் நுங்கம்பாக்கம் பக்கம் போனால் ஒரு பழைய செய்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று வானிலை மையம் இருக்கும் அந்த வளாகத்தில் 1792-இல் ஒரு வானாய்வகம் எழுந்தது. அங்குப் பணியாற்றிய கோல்டிங்ஹாம் என்பவர் 1820, 1821 ஆண்டுகளில் ஓர் அழகான சோதனை செய்தார். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் பீரங்கி வெடிப்பார்கள். அதன் ஒளி தெரிந்த நொடியிலிருந்து ஒலி வந்து சேரும் வரை ஆகும் நேரத்தை அவர் அளந்தார். மலை ஏறக்குறைய 9 கிலோமீட்டர் தொலைவிலும், கோட்டை 4 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவிலும் இருந்தன.

அவர் கண்டது என்ன? ஒலியின் வேகம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இல்லை! குளிர் மாதங்களில் குறைவு. வெயில் மாதங்களில் கூடுதல். காரணம் உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது. 0 டிகிரி செல்சியசில் ஒலி நொடிக்கு 331 மீட்டர் செல்லும். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடும். அப்படியானால் 25 டிகிரியில் 346 மீட்டர், 35 டிகிரியில் 352 மீட்டர். ஒன்பது கிலோமீட்டரைக் கடக்க ஆகும் நேரத்தில் வேறுபாடு அரை நொடிக்கும் குறைவே. இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்த நுண்ணிய வேறுபாட்டைப் பிடித்தது பொறுமை அல்லவா?

இதே மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிடச் சென்னைக் கரைக்கு வருகின்றன. 1988 முதல் மாணவர்கள் அடங்கிய ஒரு தன்னார்வக் குழு இரவில் நீலாங்கரைப் பக்கம் கரையோரமாக நடந்து முட்டைகளைக் காத்து வருகிறது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பநிலை தீர்மானிக்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகள் மிகுதியாகும். பருவம் தவறினால் ஓர் உயிரினத்தின் கணக்கே தவறிவிடும்.

சித்திரை, வைகாசி: நிழல் மறையும், காற்று பிறக்கும்

ஏப்ரல் 24-ஐ ஒட்டிய நாளில், பகல் 12 மணி 7 நிமிடம் அளவில், சென்னையில் நட்ட கோலுக்கு நிழல் இருக்காது. கதிரவன் நேர் உச்சியில் நிற்கும். ஆகஸ்டு 18-ஐ ஒட்டி மறுபடியும் இது நிகழும். எறையூர் தெற்கே இருப்பதால் அங்கு ஏப்ரல் 20-ஐ ஒட்டியே நிழலில்லா நாள் வந்து போய்விடும்.

இதில் ஒரு விளையாட்டு உண்டு. சென்னையில் நிழல் மறையும் நாளில் நீங்கள் அங்கு இருங்கள். உங்கள் நண்பன் எறையூரில் ஒரு மீட்டர் கோலை நேராக நடட்டும். நண்பகலில் தெற்கு நோக்கி ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நிழல் விழும். அதாவது கோணம் 1.7 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்கு-தெற்குத் தொலைவை மட்டும் நிலப்படத்தில் அளந்தால் ஏறக்குறைய 185 கிலோமீட்டர் வரும். பேருந்து செல்லும் தொலைவைக் கணக்கில் எடுத்துவிடாதீர்கள்! 360 டிகிரிக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர் கிடைக்கும்.

இனி வெயில். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. கடலோர ஊரில் இவ்வளவு வெப்பமா? மணலைவிட நீரின் தன்வெப்பம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆகவே பகலில் நிலம் விரைவில் சூடேறும். கடல் மெல்லத்தான் சூடேறும். நிலத்தின் மேல் உள்ள காற்று லேசாகி எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். இதுவே கடற்காற்று. நண்பகலை ஒட்டி இது வந்துவிட்டால் சென்னை பிழைத்தது. மேற்கிலிருந்து வலுவான நிலக்காற்று எதிர்த்து நின்றால் கடற்காற்று வரத் தாமதமாகும். வெப்பநிலை 40-ஐத் தாண்டிவிடும். கையில் வெப்பமானி இருந்தால், காற்று திரும்பும் வேளையில் அது இறங்குவதை நீங்களே பார்க்கலாம்.

ஆனால் அந்தக் காற்று ஈரப்பதத்தையும் கொண்டுவரும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. அதனால்தான் எறையூரின் 39 டிகிரியைத் தாங்கியவன் சென்னையின் 36 டிகிரியில் சோர்ந்து போகிறான். நண்பகலில் அலையாதீர்கள், அடிக்கடி நீர் பருகுங்கள். அந்த நேரத்துக்கு ஏற்ற இடங்கள் 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகமும், 1988-இல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கமும்.

ஆடி, ஆவணி: மாலை இடியும் மெரினா மணலும்

தென்மேற்குப் பருவக்காற்று மலைகளைத் தாண்டி வரும்போது ஈரத்தை இழந்துவிடுகிறது. ஆயினும் சென்னையில் பல மாலைகளில் இடியுடன் மழை பெய்யும். மேற்குக் காற்றும் கடற்காற்றும் எதிரெதிரே மோதி மேலெழும்பி முகிலாவதே காரணம்.

இந்தக் காலத்தில் அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் திசை மாறும். ஆனால் ஆண்டுக் கணக்கைக் கூட்டினால் வடக்கே போவதுதான் அதிகம். 1870-களின் நடுவில் துறைமுகம் கட்டத் தொடங்கியபின், அதன் சுவர் இந்த மணலை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் மணல் கிடைக்காமல் கடல் கரையை அரித்தது. நாம் சுண்டல் தின்று மகிழும் அகன்ற மணல்வெளி, வேறொரு கரையின் இழப்போடு சேர்ந்து வந்தது என்பதை மறக்கலாகாது.

கலங்கரை விளக்கத்தில் பார்வையாளர்களை அனுமதிக்கும் நாளாயின் மேலே ஏறிப் பாருங்கள். கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று தெரியும். 36 மீட்டர் உயரமென்றால் 21 கிலோமீட்டர். கரையில் நிற்கும் உங்களுக்கோ நான்கைந்து கிலோமீட்டர்தான்!

ஐப்பசி, கார்த்திகை: மழையின் நகரம்

சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். இதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களில் கொட்டிவிடும். 2015 டிசம்பர் முதல் நாளையொட்டி, தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. நகரம் வெள்ளத்தில் மிதந்தது. ஆகவே இந்தப் பருவத்தில் வானிலை அறிவிப்பைக் கேட்டபின்பே பயணம் புறப்படுங்கள். மழை ஓய்ந்த நாளில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பாருங்கள். வெள்ள நீரைப் பஞ்சுபோல் வாங்கிக்கொள்ளும் இடம் அது. குளிர்காலப் பறவைகளும் அங்கு வந்து இறங்கும். 2022-இல் அது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

எந்தப் பருவத்திலும் மறக்கக்கூடாதது

ஏரியிலும் கிணற்றிலும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் கடலில் ஏமாந்துவிடுகிறார்கள். உள்ளூரிலிருந்து மகிழ்ச்சியாகப் புறப்பட்ட எத்தனையோ இளைஞர்கள் வீடு திரும்பவில்லை. காரணம் இதுதான்: அலைகள் கரைக்குக் கொண்டுவந்த நீர் எப்படியாவது திரும்ப வேண்டும். அது ஒரு குறுகிய வழியைத் தேர்ந்து ஆறுபோல் கடலை நோக்கி ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. பார்வைக்கு அமைதியாகத் தெரியும். அமைதியான அந்த இடமே ஆபத்தானது! அதை எதிர்த்துக் கரை நோக்கி நீந்துபவன் களைத்து மூழ்குகிறான். சிக்கிக்கொண்டால் பதறாமல் மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாக நகர்ந்து அந்த ஓட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். மெரினாவில் குளிக்கத் தடை இருப்பது வீணுக்கு அல்ல. அலை பாதத்தை நனைத்தால் போதும்.

"ஆண்டுக்கு நான்கு முறை சென்னை போகப் பணம் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு பயணம், ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் என்று திட்டமிடுங்கள். ஒரு சிறு குறிப்பேடு, ஒரு வெப்பமானி, ஒரு கோல், ஒரு கைக்கடிகாரம் போதும். போகும் நாளில் சென்னையிலும் அதே நாளில் எறையூரிலும் எடுத்த அளவுகளை எதிரெதிரே எழுதுங்கள். பள்ளிப் படிப்பு முடியும்போது, கடைவீதியை மட்டும் பார்த்தவர்களிடம் இல்லாத ஒரு சென்னை உங்கள் குறிப்பேட்டில் இருக்கும்.