பல் பிடுங்கிய அன்று வுழூ எப்படி?

கடந்த மாதம் எனது கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்க வேண்டி வந்தது. பல வருடங்களாகச் சொத்தையாகிக் கிடந்த பல். வலி வந்தால் கராம்பு எண்ணெயும் பனடோலும், வலி போனால் மறதி. கடைசியில் ஒருநாள் காலையிலேயே அரசாங்க வைத்தியசாலைக்குப் போய் இலக்கம் எடுத்தேன். பதினொரு மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது. விறைப்பு ஊசிக்குப் பிறகு வலியே இல்லை. பல்லை அசைக்கும் அழுத்தமும் ஒரு 'கறக்' சத்தமும் மட்டும்தான். இதற்காகவா இத்தனை வருடம் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடி, கையில் ஓர் அறிவுறுத்தல் தாளுடன் வீடு வந்தேன்.

அந்தத் தாளில் 24 மணித்தியாலத்துக்கு வாய் கொப்பளிக்க வேண்டாம் என்று நல்ல தமிழில் எழுதியிருந்தது. அதை இரண்டு தரம் வாசித்தேன். வாசித்துவிட்டு லுஹருக்குப் பள்ளிக்குப் போய், ஹவ்ழடியில் உட்கார்ந்து, வழமைபோல மூன்று முறை நன்றாகக் கொப்பளித்துத் துப்பினேன். அஸருக்கும் அப்படியே. மஃரிபுக்குக் கொப்பளித்தபோது கருஞ்சிவப்பாகச் சிறு கட்டியொன்று வந்து விழுந்தது. அழுக்கு போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் நாள் இரவு வலி தொடங்கியது. பல் இருந்தபோது வந்த வலியெல்லாம் அதன் முன் ஒன்றுமில்லை. காதுவரை இழுத்தது. பனடோல் கேட்கவில்லை. வாயில் ஒரு கெட்ட வாடையும் வந்தது. மறுநாள் காலை மீண்டும் வைத்தியசாலைக்கு ஓடினேன்.

வாயைப் பார்த்ததுமே டொக்டர் கேட்டார், "கொப்பளித்தீர்களா?"

"இல்லை டொக்டர்."

"தொழுகைக்கு முன்னால் கழுவுவீர்களே, அப்போது?"

எனக்கு வாயடைத்துப் போனது. வுழூவை நான் கொப்பளித்தலாகக் கணக்கெடுக்கவே இல்லை. வினாவை ஒழுங்காக வாசியுங்கள் என்று பரீட்சைக் காலத்தில் நாளுக்குப் பத்துத் தடவை பிள்ளைகளிடம் சொல்பவன் நான்.

டொக்டர் விளக்கியது இதுதான். பல் போன குழியில் முதலில் இரத்தம் நிரம்பி உறைகிறது. அந்த உறைவுதான் அடியிலுள்ள எலும்புக்கும் நரம்புகளுக்கும் மூடி. அதைப் பிடித்துக்கொண்டுதான் புதிய சதை வளர்கிறது. முதல் நாளில் அது மிகவும் இளகியது. வேகமாகக் கொப்பளித்தால், பலமாகத் துப்பினால், ஸ்ட்ரோவால் உறிஞ்சினால் அது கழன்று வரலாம். சிகரெட் புகைத்தாலும் ஆபத்துத்தான். மூடி போனால் எலும்பு வெளியே தெரியும். இதை 'வறண்ட குழி' என்கிறார்கள். கீழ்க் கடைவாய்ப்பற்களில்தான் இது அதிகம் வருமாம். எனது குழியை உப்பு நீரால் கழுவி, கராம்பு வாடையடிக்கும் மருந்தொன்றை வைத்து அடைத்தார். கொஞ்ச நேரத்தில் உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

இனி மார்க்க விடயம். அன்று மாலையே எங்கள் மஹல்லா மௌலவியிடம் கேட்டேன். ஷாபிஈ மத்ஹபில் வுழூவின்போது வாய் கொப்பளிப்பது ஸுன்னத், பர்ளு அல்ல. கடமையான குளிப்பிலும் அப்படியே. ஆகவே ஒருநாள் அதை விட்டுவிட்டால் வுழூ நிறைவேறிவிடும். பல் பிடுங்கிய இடத்தில் இரத்தம் வருவதாலும் எங்கள் மத்ஹபில் வுழூ முறியாது. சிறு வயதில் மதரஸாவில் வுழூவின் ஆறு பர்ளுகளை விரல் விட்டு எண்ணி ஒப்புவித்தோமே, அதில் வாய் கொப்பளிப்பு இருந்ததா? ஹனபி மத்ஹபைப் பின்பற்றுவோருக்குக் கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது பர்ளு. அவர்கள் தமது ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஒருநாள் கழிந்த பிறகு கொப்பளிக்கலாம், ஆனால் மெதுவாக. நோன்பு காலத்தில் தொண்டைக்குப் போய்விடுமோ என்று பயந்து எவ்வளவு மென்மையாகக் கொப்பளிப்போம், அந்த அளவுதான். தண்ணீரைத் துப்பாமல் தலையைச் சாய்த்து வழியவிட வேண்டும். இளஞ்சூட்டு உப்பு நீரையும் அன்றிலிருந்து சாப்பாட்டுக்குப் பின் இப்படியே பாவிக்கலாம். மிஸ்வாக் செய்பவர்கள் அந்த இடத்தைச் சில நாள் விட்டுவிட்டு மற்றப் பற்களைத் துலக்கலாம். முதல் நாள் ஸுஜூதில் எனக்குக் குழி 'விண் விண்' என்று தெறித்தது. குனிவதும் பாரம் தூக்குவதும் இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் அவசரமில்லாமல் குனிந்து நிமிர்வது நல்லது. பஞ்சைக் கடித்திருக்கும் அரை மணித்தியாலம் கழிந்து, கசிவு நின்ற பின் தொழக்கூடியதாக நேரத்தைப் பார்த்துப் போனால் சங்கடமில்லை.

நோன்புடன் பல் பிடுங்கலாமா என்றும் கேட்டேன். பிடுங்குவதாலோ முரசில் போடும் விறைப்பு ஊசியாலோ நோன்பு முறியாது, இரத்தத்தை விழுங்கினால்தான் பிரச்சினை என்றார் மௌலவி. சிக்கலும் அங்கேதான். விழுங்கிவிடுவோமோ என்ற பயத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை துப்புவோம், துப்பத் துப்ப உறைவு நிற்காது. ஆகவே றமழானுக்கு முன்போ, இப்தாருக்குப் பின்போ வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் பெருநாள்வரை காத்திருக்கக் கூடாது. கிருமி கழுத்துக்கு இறங்கினால் உயிராபத்து. நோயாளி விட்ட நோன்பை வேறு நாட்களில் நோற்க அல்குர்ஆனிலேயே சலுகை இருக்கிறது.

முரசு மூட எனக்கு இரண்டு கிழமை சென்றது. உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்கள் எடுக்குமாம். வெற்றிலை போடும் வயதானவர்கள் வீட்டில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பல் பிடுங்கிய புண்ணோ வாயில் வேறு புண்ணோ மூன்று கிழமையாகியும் ஆறாவிட்டால் கட்டாயம் காட்ட வேண்டும். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான்.

எங்கள் உம்மாவுக்கும் ஒரு பல் ஆடுகிறது. அடுத்த கிழமை கூட்டிப்போக வேண்டும். சீனி வருத்தத்துக்கும் இருதயத்துக்கும் குளிசை போடுபவர். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் குளிசையை நாமாக நிறுத்தக் கூடாது, என்னென்ன போடுகிறார் என்று முன்கூட்டியே சொன்னால் போதும் என்றார் டொக்டர். கிளினிக் கொப்பியை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன். உம்மாவின் கவலையெல்லாம் அன்று வெற்றிலை போடலாமா என்பதுதான்.