ஷூவும் சைக்கிளின் ஓர் உறுப்பு

சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கியரை எண்ணுவார்கள், நிறம் பார்ப்பார்கள். காலில் எதைப் போட்டு மிதிக்கப் போகிறோம் என்று யோசிப்பவர்கள் குறைவு. தினமும் வேலைக்குப் போய்வர வாங்குகிறோம் என்றால் யோசிக்க வேண்டியது அங்கிருந்துதான்.

அலுவலகம் 10 கிலோமீட்டர், 40 நிமிடப் பயணம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் ஒவ்வொரு காலும் 2,400 முறை பெடலை அழுத்துகிறது. விரல்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் மேட்டில்தான் அந்த அழுத்தம் விழுகிறது. அங்கே ஐந்து நீள எலும்புகளின் நுனிகள் இருக்கின்றன. அவற்றின் இடுக்குகளில் நரம்புகள் ஓடுகின்றன. ஓட்டப் பயிற்சிக்கான ஷூவின் அடி மெத்தென்று இருக்கும். பாதம் தரையில் மோதும் அதிர்ச்சியைத் தாங்கச் செய்தது அது. பெடலில் அப்படி மோதல் ஏதும் இல்லை. மெத்தை நசுங்கி, அடிப்பாகம் பெடலின் மேல் வளைந்து, அழுத்தம் ஒரே இடத்தில் குவிகிறது. விரல்கள் மரத்துப்போவது அதனால்தான்.

கடையில் ஷூவின் இரு முனைகளையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். துணி மாதிரி மடங்கினால் வைத்துவிடுங்கள். கைக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்க வேண்டும். அடி ரப்பராக இருக்கட்டும். வழவழப்பான தோல் அடி மழையில் பெடலை விட்டு வழுக்கும். லேஸ் நுனியை உள்ளே செருகிக்கொள்ளுங்கள், வலது காலில் கட்டாயமாக. செயின் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது.

இனி சைக்கிள். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வகைதான் நகரச் சாலைக்கு ஏற்றது. கழுத்து வலிக்காது, எதிரே வருவதும் தெரியும். நிமிர்ந்தால் உடல் பாரம் இடுப்பின் அடி எலும்புகள் இரண்டின் மேல் இறங்கும். அவற்றைத் தாங்கும் அகலம் சீட்டில் இருந்தால் போதும். அளவுக்கு மீறிய மெத்தையில் எலும்பு புதைந்து, நடுவிலுள்ள மென்தசை நசுங்கும். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை சரியாகப் பிடிக்காது. மழையிலும் ஓட்டுபவருக்கு அலுமினிய ரிம்மே நல்லது.

முட்டிவலி தாங்காமல் சைக்கிளையே விட்டுவிட இருந்தார் நண்பர் ஒருவர். சிக்னலில் இரண்டு காலையும் ஊன்ற வசதியாக சீட்டை அடிவரை இறக்கியிருந்தார். முழங்கால் அதிகமாக மடங்கினால் முட்டிச் சில்லுக்குச் சுமை கூடும். அவரை உட்காரவைத்து, பெடலைக் கீழே இறக்கி, அதன்மேல் குதிகாலை வைக்கச் சொன்னோம். கால் நேராக நீளும்வரை சீட்டை ஏற்றினோம். மூன்று விரற்கடை ஏறியது. பிறகு முன்பாதத்தால் மிதித்தபோது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியது. ஒரு மாதத்தில் வலி போயிற்று.

மழைக்காலத்துக்கு அவர் அடி தடித்த ஷூ வாங்கினார். அந்தத் தடிமன் காலின் நீளத்தோடு சேர்ந்துவிடுகிறது. ஸ்பானரை எடுத்து சீட்டை மறுபடியும் கொஞ்சம் ஏற்றினோம்.