இடம் மாறி வந்து தறி போடும்போது எந்தக் கருவியை நம்பி வாங்குவது?



குழுவில் தறிக் கடன் கேட்டு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் நெசவுக்குப் புதியவர்கள் இல்லை. காஞ்சிபுரத்திலோ திருபுவனத்திலோ நெய்து பழகி, கல்யாணம் ஆகி ஆரணிப் பக்கம் வந்தவர்கள் இருக்கிறார்கள். பிழைப்புக்காக பெங்களூரு, திருப்பூர் என்று போய், 2020 ஊரடங்கில் வேலை நின்று பிள்ளைகளோடு ஊர் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குக் கையில் தொழில் இருக்கிறது, தறிதான் இல்லை. "நான் அங்கே நெய்த மாதிரியே ஒரு தறி வாங்கிட்டா போதும்" என்பதுதான் இவர்கள் முதலில் சொல்லும் வார்த்தை.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அங்கே நன்றாக ஓடிய தறி இங்கேயும் அதே மாதிரி ஓடும் என்று சொல்ல முடியாது. வீடு வேறு, பாவு கொடுக்கிறவர் வேறு, பழுது பார்க்கிற ஆள் வேறு. நாம் நம்ப வேண்டியது கருவியை மட்டும் அல்ல, அந்தக் கருவியைப் புது ஊரில் ஓட வைக்கிற எல்லாவற்றையும் சேர்த்துத்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழுவில் 40,000 ரூபாய் கடன், 20 தவணை, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் அசல் 2,000, வட்டி 400, ஆக 2,400 ரூபாய் கட்ட வேண்டும். தறி ஓடினால் மாதம் ரெண்டு சேலை இறங்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஜக்கார்டில் ஒரு பாகம் உடைந்து, அதைச் சரி செய்ய ஆள் வரப் பத்து நாள் ஆனால், அந்த மாதம் ஒரு சேலைதான். கூலி பாதியாகிவிடும், தவணை பாதியாகாது. விலை குறைவு என்று எங்கோ வாங்கி வந்த கருவி உண்மையில் விலை கூடிய கருவி ஆவது இப்படித்தான்.

முதலில் பாவு, பிறகு தறி

தறி விலை விசாரிப்பதற்கு முன்னால், என்ன சேலை நெய்யப் போகிறோம் என்று முடிவாக வேண்டும். பட்டு கைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினராகி நெய்யப் போகிறீர்களா, தனியார் முதலாளியிடம் பாவு வாங்கிக் கூலிக்கு நெய்யப் போகிறீர்களா? அவர்களிடமே நேரில் கேளுங்கள்: பார்டர் எத்தனை அங்குலம்? உடம்பில் புட்டா உண்டா? கோர்வையா, சாதாரண பார்டரா? 120 கொக்கி போதுமா, 240 கொக்கி ஜக்கார்டு வேண்டுமா? சின்ன பார்டருக்கு 240 கொக்கி வாங்கினால் காசும் வீண், காலும் வீண். பெரிய டிசைனுக்குச் சின்னப் பெட்டி வாங்கினால் பாவே கிடைக்காது.

காஞ்சிபுரத்தில் கனமான கோர்வைச் சேலை நெய்து பழகியவர்கள் இதைக் கூடுதலாக யோசிக்க வேண்டும். கோர்வைக்கு மூன்று நாடா ஓட வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து நாடா போட இன்னொரு ஆள் வேண்டும். அங்கே மாமியாரோ நாத்தனாரோ கை கொடுத்திருப்பார்கள். இங்கே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தனியாகத் தறியில் உட்காருகிறவருக்கு அது ஒத்து வராது. ஆரணிப் பக்கம் எடை குறைந்த பட்டுச் சேலைகளும் நெய்கிறார்கள். ஒருத்தரே நெய்யக்கூடிய ரகம் எது என்று கேட்டு, அதற்கு ஏற்ற தறியாகப் பாருங்கள்.

"தறி வாங்க உனக்கு எதுக்கும்மா கடன், என் தறியையே உன் வீட்டுல போட்டுக்கோ" என்று சில முதலாளிகள் சொல்வார்கள். கூடவே கொஞ்சம் முன்பணமும் தருவார்கள். கையில் ஒன்றும் இல்லாதபோது இது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் தறி அவருடையது என்றால் பாவும் அவருடையதாகத்தான் இருக்கும். கூலி கட்டவில்லை என்று வேறு இடம் போக நினைத்தால் முன்பணத்தைத் திருப்பி வைக்க வேண்டும். அதனால் எவ்வளவு முன்பணம், எப்படிக் கழிப்பது, தறியில் பழுது வந்தால் யார் செலவு என்று எழுதி வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

வீட்டை அளந்து பாருங்கள்

குழித்தறியா, மேடைத்தறியா என்பதை வீடுதான் சொல்ல வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்து நெய்வது பழகியவர்களுக்குச் சுகம். ஆனால் வாடகை வீட்டில் குழி வெட்ட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், காலி செய்யும்போது மூடியும் கொடுக்க வேண்டும். தாழ்வான பகுதியில், ஏரிக்கரைப் பக்கம் வீடு இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் குழியில் ஊற்று எடுக்குமா என்று பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். ஈரம் ஏறினால் பட்டு இழை ஒத்துழைக்காது, மரம் ஊதும், இரும்பு துருப்பிடிக்கும். வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்குக் கழற்றி எடுத்துப் போகக்கூடிய மேடைத்தறிதான் நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம்.

ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே உட்காரும். தறியின் உயரம், பெட்டியின் உயரம், அதற்கு மேல் அட்டை சுற்றி வர இடம், ஒரு கை நுழைந்து சரி செய்ய இடம் என்று எல்லாம் சேர்த்து அளக்க வேண்டும். ஓட்டு வீட்டின் தாழ்வாரம் இதற்குப் பெரும்பாலும் பற்றாது. டேப்பை எடுத்து அளந்து, ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஓடு ஒழுகுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜக்கார்டு அட்டை நனைந்தால் உப்பிப் போகும், டிசைன் தப்பும்.

தெருவில் விசாரியுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஆரணியிலோ சேவூரிலோ தேவிகாபுரத்திலோ, நீங்கள் குடியேறியிருக்கும் தெருவில் நாலு தறி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். புது இடத்தில் யாரையும் தெரியாதே என்று கூச்சப்பட வேண்டாம். "அக்கா, உங்க ஜக்கார்டு எங்க வாங்கினது? பழுதானா யாரைக் கூப்பிடுவீங்க? எத்தனை நாள்ல வருவார்?" இந்த மூன்று கேள்வி போதும். தறிக்காரர் வீட்டில் தறியைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாதவர் யாரும் இல்லை, சில இடத்தில் காபியும் கிடைக்கும்.

பெரும்பாலான வீட்டில் எந்த மாதிரி பெட்டி இருக்கிறதோ அதையே வாங்குவது புத்திசாலித்தனம். காரணம், ஊசி, கொக்கி, ஸ்பிரிங் தேய்ந்தால் அதே ஊரில் கிடைக்கும். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டிலேயே ஒரு கொக்கி கடன் வாங்கலாம். இன்னொன்று, அட்டை. ஓட்டைகளின் இடைவெளி பெட்டிக்குப் பெட்டி மாறும். உங்கள் பெட்டி மட்டும் வேறு அளவாக இருந்தால், முதலாளி கொடுக்கும் அட்டை அதில் பொருந்தாது. எவ்வளவு உயர்ந்த கருவியாக இருந்தாலும் ஊரோடு ஒட்டாத கருவி நமக்கு ஆகாது.

வாங்கும்போது சோதிப்பது எப்படி?

கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு வராதீர்கள். மரத்தில் ஆரம்பியுங்கள். ஈரம் காயாத மரத்தில் செய்த தறி ஆறு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும். முனைகளில் வெடிப்பு இருக்கிறதா, ஒரே அளவுள்ள ரெண்டு கட்டையில் ஒன்று மட்டும் ரொம்ப கனக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். தறிச் சட்டத்தை மாட்டிய பிறகு ஒரு கயிற்றை மூலைக்கு மூலை பிடித்து அளங்கள். இந்தக் குறுக்கும் அந்தக் குறுக்கும் ஒரே நீளம் வர வேண்டும். வரவில்லை என்றால் தறி கோணல், சேலையும் கோணலாக இறங்கும். துணி சுற்றும் உருளை மரத்தைச் சமமான தரையில் உருட்டுங்கள். துள்ளாமல் ஓடினால் நல்ல மரம்.

அச்சைச் சோதிக்க வீட்டிலிருந்து ஒரு பழைய பட்டுத் துணியைக் கொண்டு போங்கள். அச்சின் பல்மீது அதை லேசாக இழுத்தால் எங்கேயும் சிக்கக் கூடாது. துணி சிக்குகிற இடத்தில் நாளைக்குப் பாவு இழை அறும். துருப்பிடிக்காத எஃகு அச்சு விலை கூடத்தான். ஆனாலும் பட்டுக்கு அதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம், துருக்கறை ஏறிய சேலையை யாரும் முழுக் கூலிக்கு எடுக்க மாட்டார்கள். நாடாவையும் இப்படியே தடவிப் பாருங்கள். முனை ஆடக் கூடாது, செதில் எழும்பியிருக்கக் கூடாது.

ஜக்கார்டுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. எல்லா ஓட்டையும் போட்ட ஓர் அட்டையும், ஓட்டையே இல்லாத ஓர் அட்டையும் கேட்டு வாங்குங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி கத்தியில் மாட்டி மேலே எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், கொக்கி எழும்பாது. ஆகவே முதல் அட்டையைப் போட்டு மிதித்தால் எல்லாக் கொக்கியும் எழும்ப வேண்டும். இரண்டாவதைப் போட்டு மிதித்தால் ஒன்றுகூட எழும்பக் கூடாது. பத்து தடவையாவது மாற்றி மாற்றி மிதியுங்கள். ஒரே கொக்கி திரும்பத் திரும்பத் தப்பினால் அந்த ஊசியோ ஸ்பிரிங்கோ சரியில்லை. பழைய பெட்டி வாங்குகிறவர்களுக்கு இந்தச் சோதனை ரொம்ப அவசியம். நன்றாகப் பராமரித்த பழைய பெட்டி, பெயர் தெரியாத புதுப் பெட்டியைவிட மேல் என்றுதான் நாங்கள் சொல்வோம்.

பிறகு உட்கார்ந்து ஒரு நூறு மிதி மிதித்துப் பாருங்கள். கடையில் நின்றபடி பார்த்தால் பாரம் தெரியாது. பிரசவம் ஆகி ஆறு மாதம்கூட ஆகாதவர்கள், கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனவர்கள், முட்டி வலி உள்ளவர்கள் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஒரு நாள் இல்லை, வருஷக் கணக்கில் அந்தப் பாரத்தைத் தூக்கப் போவது உங்கள் கால்தான்.

மோட்டார் வைக்கலாமா?

ஜக்கார்டைத் தூக்குவதற்கு மட்டும் மோட்டார் பொருத்துவது இப்போது பரவியிருக்கிறது. கால் வலிக்கு நல்ல மாற்று. வாங்கும்போது ரெண்டு விஷயம் பாருங்கள்: கரண்ட் போனால் காலால் மிதித்து ஓட்ட முடிய வேண்டும், சாயங்காலம் வோல்டேஜ் குறையும் நேரத்திலும் தூக்க வேண்டும். எர்த் ஒயர் இல்லாமல் மாட்டவே கூடாது. தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர்களுக்கு ரெண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-ல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. வீடு மாறி வந்தவர்கள் புது வீட்டு இணைப்புக்கு இதைக் கேட்டுப் பெற வேண்டும், தானாக வந்து சேராது.

பென்டிரைவில் டிசைன் ஏற்றும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு நல்ல கருவிதான். அட்டை வேண்டாம், டிசைன் சீக்கிரம் மாற்றலாம். ஆனால் அதற்குள் இருக்கும் போர்டு பழுதானால் சரி செய்ய உள்ளூரில் ஆள் வேண்டும். ஒரே தறி, அதுவும் கடனில் போடுகிறவர்கள் இதில் அவசரப்பட வேண்டாம்.

"ரெண்டு தறி வேலையை ஒரு விசைத்தறி செய்யும்" என்று ஆசை காட்டுகிறவர்களிடம் மட்டும் கவனமாக இருங்கள். 1985-ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி பார்டர் போட்ட பட்டுச் சேலை கைத்தறிக்கு ஒதுக்கப்பட்ட ரகம். அதை விசைத்தறியில் நெய்வது குற்றம். வழக்கு வந்தால் விற்றவர் வர மாட்டார்.

பழைய தறி இருந்தால் விற்காதீர்கள்

சிலர் கிளம்பும் அவசரத்தில் பழைய தறியை விறகு விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறார்கள். மனசு கேட்கவில்லை. மரச்சட்டம் கனம், வண்டி வாடகை ஆகும் என்பது சரிதான். ஆனால் அச்சு, விழுது, நாடா, ஜக்கார்டு பெட்டி ஆகியவற்றை ஒரு ஆட்டோவில் கொண்டு வந்துவிடலாம். கழற்றும்போது ஒவ்வொரு மூட்டுக்கும் சாக்பீஸால் ஒரே எண்ணை ரெண்டு பக்கமும் எழுதுங்கள். கடைசிப் பாவை அறுக்கும்போது விழுதிலும் அச்சிலும் ஓடியிருக்கும் இழைகளை உருவிவிடாமல், ஒரு முழம் விட்டு ரெண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு, துணியில் சுற்றி வையுங்கள். புது ஊரில் கிடைக்கும் பாவும் அதே இழைக் கணக்கில் இருந்தால், அந்த நுனிகளோடு பிணைத்துவிடலாம். இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான இழையை ஒவ்வொன்றாக விழுதிலும் அச்சிலும் கோக்க வேண்டும், அந்தக் கூலியும் நாளும் தனி.

கடனுக்கு முன் மானியம்

முழுப் பணத்தையும் குழுக் கடனாக எடுக்கும் முன் அரசு உதவியை விசாரியுங்கள். தறிக்கும் தறி உபகரணங்களுக்கும் விலையில் 90 சதவீதம் மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2016-ல் தொடங்கப்பட்டது. இப்போது மனு வாங்குகிறார்களா, எந்தெந்தக் கருவிக்குத் தருகிறார்கள் என்பதைக் காஞ்சிபுரத்தில் உள்ள நெசவாளர் சேவை மையத்திலும், கைத்தறித் துறை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் கேட்கலாம். நெசவாளர் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். இடம் மாறியவர்களுக்கு அட்டையில் பழைய ஊர் இருக்கும், சிலருக்கு அட்டை அப்பா பேரில், மாமனார் பேரில் மட்டும் இருக்கும். நெய்வது நாம், அட்டை அவர் பேரில் என்றால் மனு நம் பேரில் நிற்காது. ரேஷன் கார்டு மாற்றும்போதே இதையும் மாற்றிவிடுங்கள்.

பணம் கொடுக்கும்போது முழுவதையும் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். கொஞ்சம் நிறுத்தி வைத்து, முதல் சேலை இறங்கிய பிறகு தருவதாகப் பேசுங்கள். நல்ல கடைக்காரர் இதற்குச் சம்மதிப்பார். பில்லில் பெட்டியின் கொக்கி எண்ணிக்கை, மோட்டார் நம்பர், எத்தனை மாதம் இலவசமாகச் சரி செய்து தருவார் என்பது எழுத்தில் இருக்கட்டும். பில் உங்கள் பேரிலேயே இருக்க வேண்டும், வீட்டுக்காரர் பேரில் வேண்டாம். அந்தப் பில்லின் நகல் ஒன்றைக் குழுவின் கடன் பதிவேட்டோடு சேர்த்து வைக்கும்படி ஊக்குநரிடம் கொடுத்துவிடுங்கள்.