கடைசி நாள் வேண்டாம், மாப்பிள்ளை!

ஹூஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். டிசம்பரில் மெக்சிகோ போகலாம் என்று மாப்பிள்ளை பட்டியல் போட்டார். கடலோரத்து துலும் கோட்டை, சிச்சென் இட்சா பிரமிடு, கடைசி நாள் கோசுமெல் தீவில் இருவரும் ஸ்கூபா டைவிங். மறுநாள் விடிகாலை விமானம்.

முப்பது வருஷம் பிசிக்ஸ் நடத்திய எனக்குச் சுருக்கென்றது. ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரையும். அது வெளியேறும் முன் விமானம் ஏறினால், மூடி திறந்த சோடா மாதிரி ரத்தத்தில் குமிழி கிளம்பும். மூட்டு வலியோடு போனாலும் போகும். கை, கால் விளங்காமலும் போகலாம்.

'ஊரே போகுது அத்தை' என்று சிரித்தார். டைவிங் பயிற்சியாளரிடம் கேட்கச் சொன்னேன். பல முறை மூழ்கினால், குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறணும் என்றாராம். மறுபேச்சில்லாமல் கோசுமெல் முதலில் வந்துவிட்டது. பிரமிடு கடைசி, அதில் இப்போது ஏற விடுவதில்லை, என் முழங்காலுக்கு நிம்மதி!

அவர்கள் மூழ்கும் நேரம், நான் அதே தீவில் சான் ஹெர்வாசியோ இடிபாடுகளைப் பார்க்கப் போகிறேன். அந்தக் காலத்தில் மாயன் இனப் பெண்கள் படகேறி வந்து, இஷ்செல் என்ற தேவியிடம் பிள்ளை வரம் கேட்ட இடமாம். கல்யாணமாகி ஆறு வருஷமான என் மகள், 'அங்கே எதுக்கும்மா?' என்று கேட்கவில்லை.

- ஓய்வு பெற்ற ஆசிரியை, திருச்சி.